மடையர் அல்லர் மாண்டவர்!

"கூல் எய்டு குடித்தவன்!" அமெரிக்க நாட்டிலே, ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தலைவன் பின்னால் போகிறான் என்றால், அவனை எள்ளி நகையாட ஊரார் வழங்கும் சொல் இது. அரசியல் மேடையிலே கேட்கலாம், அலுவலகத்திலே கேட்கலாம், விருந்திலே, வேடிக்கைப் பேச்சிலே கேட்கலாம். சொல்லுகிறவர் சிரிக்கிறார், கேட்கிறவரும் சிரிக்கிறார். அந்தச் சொல் 900-க்கும் மேற்பட்ட பிணங்களின் நடுவிலே பிறந்த சொல் என்பது இருவருக்குமே மறந்து போயிற்று!

1978 நவம்பர் 18. தென் அமெரிக்காவின் கயானா நாட்டிலே, அடர்ந்த காட்டின் நடுவிலே, ஜோன்ஸ்டவுன் என்னும் குடியிருப்பிலே, ஒரே நாளில் 909 பேர் மாண்டனர். அங்குள்ள நிலைமையை நேரில் அறியச் சென்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரையனும், அவருடன் இருந்த நால்வரும், அருகிலிருந்த விமான ஓடுதளத்திலே சுட்டுக் கொல்லப்பட்டனர். தலைநகர் ஜார்ஜ்டவுனில் மேலும் நான்கு உயிர்கள். ஆக, 918 பேர். அவர்களுள் 300-க்கு மேற்பட்டோர் சிறுவர் சிறுமியர்! பெரும்பாலோருக்குத் தரப்பட்டது சயனைடு நஞ்சு கலந்த பழச்சுவைப் பானம். அது கூல் எய்டு கூட அன்று. ஃப்ளேவர் எய்டு என்னும் வேறொரு தூள். செத்தவரை ஏளனம் செய்யக் கிளம்பியவர்கள், அவர்கள் குடித்தது இன்னது என்பதைக்கூட விசாரித்தார்கள் இல்லை!

"மூடர்கள் போனார்கள், மூடர்கள் செத்தார்கள்" — உலகம் எழுதிய தீர்ப்பு இவ்வளவுதான். இந்தத் தீர்ப்பை நாம் மறுக்கிறோம். மாண்டவர்பால் கொண்ட இரக்கத்தால் மட்டும் மறுக்கிறோம் இல்லை. அது பொய் என்பதால் மறுக்கிறோம். பொய்களிலும் அது பொல்லாத பொய். 'மூடர்தாம் இத்தகைய வலையிலே விழுவர்' என்று நம்புகிறவன், 'நான் மூடன் அல்லன். எனவே எனக்கு ஆபத்து இல்லை' என்ற அடுத்த படிக்குத் தானாகவே போய்விடுகிறான். வலை விரிப்பவன் காத்திருப்பது அப்படிப்பட்ட ஆளுக்காகத்தான்!

யார் அந்த மக்கள்? ஏன் போனார்கள்? போனவர்கள் ஏன் திரும்பவில்லை? பகுத்தறிவாளன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. கேட்போம்.

ஜிம் ஜோன்ஸ் என்பவன், 1931-இல் இந்தியானா மாநிலத்திலே பிறந்த வெள்ளையன். 1950-களின் நடுவிலே இந்தியானாபொலிஸ் நகரில் ஒரு சபை கண்டான். பீப்பிள்ஸ் டெம்பிள், அதாவது மக்கள் ஆலயம், என்று அதற்குப் பெயர் சூட்டினான். அந்நாளைய அமெரிக்காவை எண்ணிப் பார்க்க வேண்டும். கறுப்பின மக்கள் தென் மாநிலங்களில் சட்டத்தாலும் வட மாநிலங்களில் வழக்கத்தாலும் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த காலம் அது. "அனைவரும் ஆண்டவன் பிள்ளைகளே" என்று போதித்த கிறித்துவக் கோயில்களே, ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று எனப் பிரிந்து நின்றன. அந்தக் காலத்தில், அந்த நகரத்தில், இந்தச் சபையிலே மட்டும் இரு நிறத்தாரும் ஒரே பலகையில் அமர்ந்தனர்; ஒரே பந்தியில் உண்டனர். ஜோன்சும் அவன் மனைவியும் 1961-இல் ஒரு கறுப்பினக் குழந்தையைத் தத்தெடுத்து, அதற்குத் தகப்பன் பெயரையே இட்டனர். அதே ஆண்டு, நகரின் மனித உரிமை ஆணையத்தை நடத்தும் பொறுப்பும் அவனிடம் தரப்பட்டது.

தலைமுறை தலைமுறையாகத் "தள்ளி நில்" என்ற சொல்லையே கேட்டுப் பழகிய ஒரு மூதாட்டி, முதன்முறையாக "வாருங்கள், இப்படி உட்காருங்கள்" என்ற சொல்லைக் கேட்கிறாள். அந்தச் சொல்லுக்கு என்ன விலை என்பதை, என்றென்றும் முதல் வரிசையிலேயே உட்கார்ந்து பழகியவர்கள் அறிய மாட்டார்கள். அவமானப்பட்டவர்கள் அறிவார்கள்!

1965-இல், அணுகுண்டுப் போர் வரப்போகிறது என்று அச்சுறுத்தி, தன் கூட்டத்தைக் கலிபோர்னியாவுக்கு அழைத்துச் சென்றான் ஜோன்ஸ். 1970-களின் தொடக்கத்திலே சான் பிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சல்சிலும் சபை பெருகிற்று. சான் பிரான்சிஸ்கோவில் அவன் எங்கே கோயில் அமைத்தான் தெரியுமா? 'நகர்ச் சீரமைப்பு' என்ற அழகிய பெயரால் அரசாங்கமே கறுப்பின மக்களின் வீடுகளையும் கடைகளையும் இடித்துத் தள்ளி, ஆயிரக்கணக்கானோரை விரட்டியடித்த வெஸ்டர்ன் அடிஷன் வட்டாரத்திலே! தெரு போயிற்று, அண்டை வீடு போயிற்று, வாடிக்கைக் கடை போயிற்று, பழகிய முகங்கள் போயின. இடிபாடுகளின் நடுவிலே ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. அது மக்கள் ஆலயத்தின் கதவு. உள்ளே போனால் உணவு உண்டு. முதியோருக்கு இல்லம் உண்டு. நீதிமன்றத்திலே சிக்கிய மகனுக்காக வாதாட வழக்கறிஞர் உண்டு. போதைப் பழக்கத்திலே சீரழிந்த இளைஞனை மீட்டுக் காப்பாற்ற ஆட்கள் உண்டு. கல்லூரிக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு உதவி உண்டு. சாவுக்கும் வாழ்வுக்கும் கூட நிற்க நூறு பேர் உண்டு.

இவற்றைத் தந்திருக்க வேண்டியது யார்? அரசாங்கம் தந்திருக்க வேண்டும்; அது இடித்தது. பழைய கோயில்கள் தந்திருக்க வேண்டும். அவை பிரசங்கம் செய்தன. சமுதாயம் தந்திருக்க வேண்டும். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. தர வேண்டியவர் எவரும் தராத இடத்திலே, தரக்கூடாதவன் வந்து தந்தான். பசித்தவன் சோற்றைத்தான் பார்ப்பான். பரிமாறுகிறவன் கையில் நஞ்சு இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும் என்று, வயிறு நிறைந்தவர்கள் பிற்பாடு வந்து உபதேசம் செய்கிறார்கள்!

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கசக்கும், ஆனாலும் சொல்ல வேண்டும். மோட்சத்தைக் காட்டி அழைத்தான் ஜோன்ஸ் என்று எண்ணிவிடாதீர்கள். வேத நூலை மேடையிலேயே தூக்கி எறிந்தவன் அவன். "வானத்திலே கடவுளைத் தேடாதீர்" என்றான். சமத்துவம் பேசினான், சமதர்மம் பேசினான், நிறவெறியைச் சாடினான், பணக்கார ஆதிக்கத்தைக் கண்டித்தான். அத்தனையும் நல்லவர் நாவில் ஒலிக்கும் சொற்கள். நாம் போற்றுகின்ற சொற்கள்! கொள்கை நல்லதாக இருந்துவிட்டால் கூட்டமும் நல்லதாகத்தான் இருக்கும் என்று எண்ணுவோர், இந்த இடத்திலே சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறோம்.

அற்புதங்களும் நடத்தினான். புற்றுநோய் பிடித்தவரின் உடலிலிருந்து கட்டியை வெளியே எடுத்துக் காட்டுவதாகக் கூட்டத்தின் நடுவே ஆரவாரம் நடக்கும். எடுத்துக் காட்டப்பட்டது என்ன? அழுகிய கோழிக் குடலும் ஈரலும்! இந்தப் பித்தலாட்டம் உடனிருந்து உதவிய சிலருக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் வாய் திறக்கவில்லை? "பெரிய நன்மைக்காகச் சிறிய பொய், மக்களை ஈர்க்க வேறு வழியில்லை, வந்தபின் அவர்களைச் சமத்துவ வாழ்வுக்குப் பழக்கிவிடலாம்" என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டனர். முதல் நாள் விழுங்கிய அந்தச் சிறிய பொய்தான், கடைசி நாள் விழுங்க வேண்டி வந்த நஞ்சுக்குத் தொண்டையைப் பழக்கிற்று!

இப்போது சிலர் வேறொரு விளக்கத்தோடு வருவார்கள். "மூடர் என்று சொல்ல வேண்டாம்; அவர்களுக்கு மூளைச்சலவை செய்துவிட்டார்கள்" என்பார்கள். மூளைச்சலவை! 1950-இல், கொரியப் போர்க் காலத்திலே, அமெரிக்கச் செய்தித்தாள்களில் வழங்கத் தொடங்கிய சொல் அது. மந்திரவாதி மை தடவி மயக்கினான் என்று பாட்டன் சொன்ன கதையை, பேரன் அறிவியல் உடை உடுத்திச் சொல்லுகிறான். வேறென்ன?

இந்தக் கதையை ஆராய்ந்து பார்த்தவர் உண்டு. கொரியாவிலே 1954-இல் சன் மியுங் மூன் என்பவர் தொடங்கிய ஐக்கிய சபை, இளைஞர்களை மயக்கித் தூக்கிச் செல்கிறது என்று மேலை நாடுகளிலே பெரும் கூக்குரல் எழுந்தது. ஐலீன் பார்க்கர் என்னும் சமூகவியல் அறிஞர், லண்டன் வட்டாரத்திலே 1979-இல் அச்சபையின் பயிற்சி முகாம்களிலே தங்கிய சுமார் 1,000 பேரைப் பற்றிக் கணக்கெடுத்தார். 1984-இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டது என்ன? முகாமுக்குப் போன பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் சபையிலே சேரவே இல்லை! சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே விலகிச் சென்றனர். மயக்கு மருந்து என்றால் அனைவரையும் அல்லவா மயக்கியிருக்க வேண்டும்? பத்தில் ஒன்பது பேரிடம் தோற்றுப்போகும் மந்திரம் என்ன மந்திரம்?

அப்படியானால் அந்தப் பத்தாவது ஆள் யார்? அவனை முட்டாள் என்று முடிவு கட்டுவோர் ஜப்பானைப் பார்க்கட்டும். ஷோகோ அசஹாரா என்பவன் 1984-இல் யோகப் பயிற்சி வகுப்பாகத் தொடங்கி, பின்னர் ஓம் ஷின்ரிக்யோ என்ற பெயரால் ஒரு மதமாகவே வளர்த்த கூட்டம், 1995 மார்ச் 20-ஆம் நாள் காலையில், டோக்கியோ நகரின் சுரங்க ரயில்களிலே சாரின் என்னும் நச்சுப்பொருளைக் கசியவிட்டது. பதின்மூவருக்கு மேல் மாண்டனர். ஆயிரக்கணக்கானோர் கண்ணும் மூச்சும் கெட்டு அல்லலுற்றனர். ரயிலிலே நஞ்சை வைத்த ஐவர் யார்? எழுத்தறிவில்லாத பாமரரா? ஒருவர் இதய அறுவை மருத்துவர்! மூவர் பல்கலைக்கழகத்திலே இயற்பியல் கற்றவர்! நஞ்சைத் தயாரித்தவரோ வேதியியலிலே பட்டம் பெற்றவர்! இவர்களே, தலைவன் குளித்த நீரையும் அவனது குருதியையும் புனிதப் பொருளாகப் போற்றிய கூட்டத்திலே இருந்தவர்கள்! பட்டம் வேறு, பகுத்தறிவு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆய்வுக்கூடத்திலே ஐயம் கொள்ளக் கற்றுத் தந்த கல்வி, ஆசானிடம் ஐயம் கொள்ளக் கற்றுத் தரவில்லை.

நாவலாசிரியர் ஹருகி முரகாமி, அந்த நச்சுக்கு ஆளானவர்களையும், அந்தக் கூட்டத்திலே இருந்தவர்களையும் தேடிச் சென்று பேசி, அவர்கள் கூறியவற்றை நூலாக்கினார். கூட்டத்தார் பேச்சிலே நாம் காண்பது கொலைவெறி அன்று, வெறுமை! வேலை இருந்தது, ஊதியம் இருந்தது, "எதற்காக வாழ்கிறோம்?" என்ற கேள்விக்கு மட்டும் விடை இல்லை. கேட்டால் வீட்டார் சிரித்தனர்; உடன் வேலை செய்வோர் ஒதுங்கினர். சிரிக்காமல் கேட்டுக்கொண்ட ஒரே இடம், அசஹாராவின் மடம்! சான் பிரான்சிஸ்கோ மூதாட்டிக்கு வயிற்றிலே பசி. டோக்கியோ இளைஞனுக்கு உள்ளத்திலே பசி. பசி வேறு; பரிமாறிய கை ஒன்றே.

சேர்ந்ததற்குக் காரணம் கண்டோம். இருந்ததற்குக் காரணம் என்ன? "கொடுமை தெரிந்தபின் எழுந்து வந்திருக்கலாமே!" என்கின்றனர். எழுந்து வரக் கால் வேண்டும். அந்தக் கால்களை எப்படிக் கட்டினார்கள் என்பதை ஜோன்ஸ்டவுனிலேயே காண்போம்.

ஒரே நாளிலே கட்டவில்லை. முதலிலே வருமானத்தில் ஒரு பங்கு கேட்டார்கள். பிறகு பங்கு பெரிதாயிற்று. பிறகு வீட்டை விற்றுச் சபைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். பிறகு முதியோரின் ஓய்வூதியக் காசோலையும் சபையின் பெட்டிக்குள் போயிற்று. கைப்பொருள் போனவன் வெளியே வந்து எங்கே படுப்பான்? எதைத் தின்பான்?

அடுத்து, உறவு. கணவன் மனைவியைக் கண்காணிக்க, பிள்ளை பெற்றோரைக் காட்டிக் கொடுக்க, ஒவ்வொருவரும் மற்றவர் மீது புகார் எழுதித் தரப் பழக்கப்பட்டனர். கூட்டத்தின் நடுவே குற்றவாளியை நிறுத்தி, ஏசி, அடித்தும் அவமானப்படுத்தினர். செய்யாத குற்றங்களைச் செய்ததாகவே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டனர். வெற்றுத் தாளிலும் வாங்கினர். ஓடிப் போனால் அந்தத் தாள் வெளியே வரும்! போகிறவன் தனியே போகவும் முடியாது. தாய் உள்ளே இருப்பாள், தம்பி உள்ளே இருப்பான், பெற்ற குழந்தை உள்ளே இருக்கும். "நான் வெளியேறினால் அவர்கள் கதி?" என்ற கேள்வியைவிடக் கனமான விலங்கு உலகில் உண்டா?

அடுத்து, இடம். 1974 முதல் கயானாக் காட்டிலே நிலம் திருத்தத் தொடங்கினார்கள். 1977-இல், முன்னாள் உறுப்பினர் சிலர் நடந்த கொடுமைகளைப் பத்திரிகைக்குச் சொல்ல, அது அம்பலமாகும் வேளையிலே, ஜோன்ஸ் கயானாவுக்கு ஓடினான். நூற்றுக்கணக்கானோர் அலையலையாக அங்கே கொண்டு சேர்க்கப்பட்டனர். நிறவெறி இல்லாத பொன்னுலகம் என்றார்கள். போய் இறங்கியதும் கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டார்கள். சுற்றிலும் காடு. வாயிலிலே துப்பாக்கி. நாள் முழுவதும் உழைப்பு. ஒலிபெருக்கியிலே ஓயாமல் ஒரே குரல், ஜோன்சின் குரல்! வெளியுலகச் செய்தி அவன் வாய் வழியாகத்தான் வரும், "அமெரிக்காவிலே கறுப்பரை முகாமில் அடைக்கப் போகிறார்கள், நம்மை அழிக்கப் படை வருகிறது" என்பதே அந்தச் செய்தி. இரவிலே திடீரென அனைவரையும் எழுப்பிக் கூட்டிச் சாவுக்கு ஒத்திகை பார்த்தார்கள். குவளையைக் கொடுத்துக் குடிக்கச் சொல்லி, குடித்தபின் "இதிலே நஞ்சில்லை, சோதித்தோம்" என்று சொன்ன இரவும் உண்டு.

இத்தனை விலங்கிலும் வலிய விலங்கு ஒன்று உண்டு. அதைப் பிறர் பூட்டவில்லை. மனிதன் தனக்குத் தானே பூட்டிக்கொள்கிறான். "நான் ஏமாந்தேன்" என்று சொல்லும் துணிவின்மையே அது! வீட்டைக் கொடுத்தவன், உறவைத் துறந்தவன், பத்து ஆண்டு உழைப்பைக் கொட்டியவன், ஒரு நாள் காலையிலே எழுந்து, "எல்லாம் பொய்" என்று எப்படிச் சொல்வான்? சொன்னால், போனது பணம் மட்டுமா? அந்தப் பத்து ஆண்டும் அல்லவா போகிறது! ஆகவே, ஐயம் எழும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் கொடுக்கிறான். கொடுத்த தியாகமே கொள்கை மெய் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. சூதாடி, தோற்றதை மீட்க மேலும் மேலும் பணயம் வைப்பது போல!

ஜப்பானிலே மூனின் ஐக்கிய சபை இதைத் தொழிலாகவே நடத்திற்று. "உன் முன்னோர் நரகிலே தவிக்கின்றனர்; அதனால்தான் உன் வீட்டிலே துன்பம்" என்று சொல்லி, சாதாரணப் பூச்சாடியையும் முத்திரைக் கட்டையையும் மலைக்க வைக்கும் விலைக்கு விற்றனர். கணவனை இழந்தவள், பிள்ளை நோயால் வாடுபவள், இவர்களே அவர்கள் தேடிய வாடிக்கையாளர். 2022 ஜூலை 8-இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்டுக் கொன்றவன், தன் தாய் இச்சபைக்கு வாரிக் கொடுத்ததால் குடும்பம் நொடிந்தது என்று காரணம் சொன்னான். கொலைக்கு அது நியாயம் ஆகாது, ஒருக்காலும் ஆகாது. ஆனால், அந்தத் துப்பாக்கி ஓசைக்குப் பிறகுதான், பல்லாண்டாகக் கதறிய குடும்பங்களின் ஓசை ஆட்சியாளர் காதிலே விழுந்தது என்பது வெட்கக்கேடு!

ஆட்சியாளரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? "மக்கள் ஏன் நம்பினார்கள்?" என்று கேட்கிறார்களே, பெரிய மனிதர்கள் ஏன் நம்பினார்கள் என்று கேட்கட்டுமே! 1975-இல் நடந்த சான் பிரான்சிஸ்கோ மேயர் தேர்தலிலே ஜோன்சின் தொண்டர் படை வீடு வீடாகச் சென்று வேலை செய்தது. 1976-இல் வெற்றி பெற்ற மேயர், நகர வீட்டுவசதி ஆணையத்திலே அவனை அமர்த்தினார். பின்னர் அதற்குத் தலைவனும் ஆனான். அதே ஆண்டு, குடியரசுத் தலைவர் தேர்தலிலே போட்டியிட்டவரின் துணைவியார் அவனோடு மேடையேறினார். 1977 ஜனவரியில், மார்ட்டின் லூதர் கிங் பெயரால் அமைந்த விருதும் அவனுக்குக் கிடைத்தது! வாக்குக்கு ஆள் திரட்டித் தருபவன் என்றால், அவன் கூடத்திலே யார் அழுகிறார்கள் என்று எட்டிப் பார்க்க ஏது நேரம்? மேயர் மாலையிடுகிறார்; பத்திரிகை பாராட்டுகிறது; தலைவர்கள் கடிதம் எழுதுகிறார்கள். இத்தனை பேர் முத்திரை குத்திய சரக்கை ஏழை நம்பினால் மட்டும் அவள் மூடம்! முத்திரை குத்தியவர்கள் மேதைகளோ?

இனி, அந்தக் கடைசி நாள். தற்கொலை என்று எழுதுகிறது உலகம். நாம் அச்சொல்லை ஏற்க மாட்டோம். முன்னூறு குழந்தைகள் தற்கொலை செய்துகொண்டனவா? அவர்கள் வாயிலே நஞ்சு புகட்டப்பட்டது, முதலிலேயே! பிள்ளை கண்ணெதிரே சாவதைப் பார்த்த தாய்க்கு, அதன்பின் எதற்கு உயிர்? அதனை அறிந்தே அந்த வரிசையை வகுத்தான் கொடியவன். சுற்றிலும் ஆயுதம் தாங்கிய காவலர். இதற்குப் பெயர் தற்கொலையா? கொலை! அந்தத் தலைவன் குவளையைத் தொட்டானா? இல்லை, அவன் தலையிலே துப்பாக்கிக் குண்டு. அனைவருக்கும் ஒரே பந்தி என்று தொடங்கியவன், சாவிலே மட்டும் தனக்கென்று தனி வழி வைத்துக்கொண்டான்!

அந்தக் கடைசிக் கூட்டத்தின் பேச்சு, ஒலிநாடாவிலே பதிவாகி இன்றும் இருக்கிறது. அதிலே ஒரு கறுப்பினப் பெண்மணியின் குரல் கேட்கிறது. வயதிலே முதிர்ந்தவர். அத்தனை பேர் நடுவிலே எழுந்து நின்று, "வேறு வழியே இல்லையா? வேறு நாட்டுக்குப் போக முடியாதா? இந்தக் குழந்தைகளைப் பார்க்கிறேன். இவை வாழ வேண்டியவை அல்லவா?" என்னும் கருத்துப்படத் தலைவனிடமே வாதாடுகிறார்! படித்தவர் வாய் மூடிய இடத்திலே, மருத்துவர் நஞ்சு கலந்து கொடுத்த இடத்திலே, அந்த ஒரு பெண்மணி கேட்டார். அவரை அடக்கியது யார்? ஜோன்ஸ் அல்லன், பக்கத்திலே நின்றவர்கள். கூச்சலிட்டு, ஏசி, உட்கார வைத்தார்கள். அன்று மட்டும் பத்துப் பேர் அவரோடு எழுந்து நின்றிருந்தால்! மடமை கொன்றது என்கிறார்கள். இல்லை, தோழர்களே, கேள்வி கேட்டவளைத் தனியே நிற்க விட்டது கொன்றது!

அப்படியானால் என்ன செய்வது? "இத்தகைய புது மதங்களை எல்லாம் தடை செய்" என்பார் சிலர். எது மதம், எது மதமன்று என்று அளக்கும் கோலை அரசாங்கத்தின் கையிலே கொடுத்தால், அந்தக் கோல் நாளை யார் முதுகிலே விழும் என்று யாரால் கூற முடியும்? புதிதாகத் தோன்றும் குழுக்கள் எல்லாம் கொலைக் கூட்டங்கள் அல்ல. பெரும்பாலானவை எவரையும் கொல்லாமல் தோன்றித் தேய்ந்து போகின்றன. நம்பிக்கையைத் தண்டிக்க வேண்டாம், செயலைத் தண்டியுங்கள். அச்சுறுத்திப் பணம் பறிப்பது, கடவுச்சீட்டைப் பிடுங்குவது, குழந்தையை அடிப்பது, வெளியேறுபவனை மிரட்டுவது — இவை எந்தத் தெய்வத்தின் பெயரால் நடந்தாலும் குற்றமே. ஜப்பான் 2022 டிசம்பரில், அச்சுறுத்தி நன்கொடை பறிப்பதைத் தடுக்கச் சட்டம் செய்தது. 2025 மார்ச்சில், டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ஐக்கிய சபையைக் கலைக்க ஆணையிட்டது. நம்பிக்கைக்காக அன்று, அது செய்த செயல்களுக்காக. நல்லதுதான், ஆனால், வெள்ளம் தலைக்கு மேல் போனபின் கட்டிய அணை!

முன்கூட்டியே கட்ட வேண்டிய அணை வேறு. முதலாவது, கேள்வி. எந்தக் கூட்டத்திலே சேர்ந்தாலும், மதமாயினும், மன்றமாயினும், மக்களுக்கு உழைக்கும் கழகமாயினும், உள்ளே போகுமுன் நான்கு கேள்விகள் கேட்கட்டும் நம் மக்கள். கணக்கைக் காட்டுவார்களா? தலைவனை எதிர்த்து ஒருவன் எழுந்து பேச முடியுமா? வெளியே இருக்கும் உறவோடும் நட்போடும் பழக விடுவார்களா? போக வேண்டும் என்றால் போகலாமா? இந்த நான்கிலே ஒன்றுக்கு "இல்லை" என்று விடை வந்தாலும், அங்கே பேசப்படுவது எத்தனை உயர்ந்த கொள்கையாயினும் திரும்பி விடுங்கள். கொள்கையைப் பார்த்து மயங்காதீர்; கதவைப் பாருங்கள். உள்ளே போக அகலமாகவும், வெளியே வரக் குறுகலாகவும் இருக்கும் கதவு எதுவோ, அது சிறைக்கதவு!

இரண்டாவது, அந்தப் பசி. முதியோரைக் காக்க ஊர் இல்லையென்றால், கடனாளிக்குக் கை கொடுக்க ஆள் இல்லையென்றால், இழிவு செய்யப்பட்டவனுக்குச் சம ஆசனம் இல்லையென்றால், தனியனாய்த் தவிக்கும் இளைஞனின் கேள்விக்குக் காது இல்லையென்றால், ஜோன்சுகள் பிறந்துகொண்டே இருப்பார்கள். நாம் மூட மறுத்த பள்ளத்திலேதான் அவர்கள் முளைக்கிறார்கள். "கடவுள் இல்லை" என்று கூறிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிற பகுத்தறிவு, பாதிப் பகுத்தறிவு. பசித்தவளின் அடுப்பை எட்டிப் பார்ப்பது மறு பாதி!

மூன்றாவது, திரும்பி வருபவனுக்குத் திறந்த கதவு. உள்ளே போன மகனை "இனி என் வாசற்படி மிதிக்காதே" என்று சபிக்கும் தந்தை, தலைவனுக்குக் கூலியில்லாமல் காவல் வேலை செய்கிறான். ஏமாந்து திரும்பியவளைப் பார்த்துச் சிரிக்கும் ஊர், உள்ளே இருப்பவர்களை அங்கேயே இருத்துகிறது. சிரிப்பை நிறுத்துங்கள்! "வா, சாப்பிடு, பிறகு பேசுவோம்" என்று சொல்லப் பழகுங்கள். விலங்கை உடைக்கும் சுத்தியல் அந்தச் சொல்தான்.

ஜோன்ஸ்டவுனிலே மாண்டவரின் உடல்கள் அமெரிக்காவுக்கு வந்தன. நூற்றுக்கணக்கான உடல்களைக் கேட்டு வாங்க எவரும் வரவில்லை. புதைக்க இடம் தர இடுகாடுகளே மறுத்தன. முடிவிலே, 1979-இல், ஓக்லண்ட் நகரின் ஒரு கல்லறைத் தோட்டம் இடம் தந்தது. 400-க்கு மேற்பட்டோரை ஒரே குழியிலே புதைத்தனர். அவர்கள் பெயர்களைக் கல்லிலே பொறிக்க 2011 வரை, 32 ஆண்டுகள், ஆயிற்று. வாழ்ந்தபோது இடம் மறுத்த சமுதாயம், செத்தபிறகும் இடம் மறுத்தது. அந்த மறுப்பிலேதான் தொடங்கிற்று ஜோன்சின் வெற்றி. அதை உணராதவன் எத்தனை நூல் கற்றிருந்தாலும் மடையன். மாண்டவர் அல்லர்!